அழுத்தாத பொத்தானுக்காக எதிரி மேடையில் ஐந்து நிமிடம்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, கையில் மணியோடு, கண்ணில் கடிகாரத்தோடு வீற்றிருக்கும் அருமை நண்பர் ஹல்வார் அவர்களே! என்னை ஒருமுறைகூடத் தேர்ந்தெடுக்காத பெருமைக்குரிய பெரியோர்களே! ஒவ்வொரு தேர்தலிலும் ஊர்ச் சதுக்கத்தில் எங்கள் நீலக் குடிலுக்கு நேர் எதிரே சிவப்புக் குடில் போட்டு, எங்களுடையதைவிட நல்ல காப்பி ஊற்றி, எங்கள் தொண்டர்களையே உங்கள் வரிசையில் நிற்க வைத்த தாய்மார்களே! என் சுவரொட்டிக்கு மீசை வரைந்த இளைஞர்களே! அந்த மீசை எனக்கு எடுப்பாகத்தான் இருந்தது. என் மனைவியே சொன்னாள். என் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகவே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாண்புமிகு குன்வோர் எடீன் அம்மையார் அவர்களே! உங்கள் அனைவருக்கும் நீல அணியின் நாடாளுமன்ற உறுப்பினன் ருட்கர் நோர்ட்லுண்டின் நெஞ்சார்ந்த மாலை வணக்கம்.

என்ன சொன்னீர்கள் அம்மா? “இவன யாரு உள்ள விட்டது?” நியாயமான கேள்வி. உங்கள் தலைவர்தான் விட்டார். ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார். ஏன் கொடுத்தார் தெரியுமா? குன்வோரை நான் இன்னும் இரண்டு திட்டு திட்டுவேன், தீர்மானம் சுலபமாக நிறைவேறும் என்று நினைத்துவிட்டார். அவருடைய கணக்கு எப்போதுமே அப்படித்தான்.

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். வசந்தத்தில் மறுதேர்தல் வரும் என்று யாம்ட்லாண்ட் மாவட்டமே பேசுகிறது. அதற்கான வேட்பாளர் பட்டியலை இன்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். அந்தப் பட்டியலின் முதல் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது உங்கள் முன்னால் இருக்கும் தீர்மானம். யாருடைய பெயர் அது? மூடவிருந்த பள்ளிக்கூடத்தை மூடவிடாமல் காத்தவர் யார்? நிற்காமல் பறந்த ரயிலை நம் எல்வ்நேஸ் ஊரில் நிற்க வைத்தவர் யார்? அந்த ரயிலுக்கு எதிராக ஓட்டுப் போட்டவன் நான். ஓட்டுப் போட்ட வாரமே அதில் ஏறி வீட்டுக்கு வந்தவனும் நான்!

அப்படிப்பட்ட குன்வோர் செய்த குற்றம் என்ன? கொலையா? கொள்ளையா? கட்சி நிதியில் கை வைத்தாரா? இல்லை ஐயா, இல்லை. ஒரு பொத்தானை அழுத்தவில்லை. நாடாளுமன்றத்தில், தன் மேசையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அந்தச் சும்மாவினால் ஓர் ஆட்சி உங்கள் கையை விட்டு எங்கள் கைக்கு வந்துவிட்டது. அவ்வளவுதான் குற்றம். சிறிய குற்றம் என்று நான் சொல்லவில்லை. எங்களுக்கு அது பெரிய உதவி!

நம் நாட்டின் விந்தையான விதி உங்களுக்குத் தெரியும். பிரதமரை யாரும் விரும்ப வேண்டியதில்லை. போதுமான பேர் வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தால் போதும். நூற்று எழுபத்தைந்து பேர் ‘வேண்டாம்’ பொத்தானை அழுத்தினால் அவர் விழுவார். ஒன்று குறைந்தாலும் எழுவார். ஏன் சிரிக்கிறீர்கள்? என் மனைவி முப்பது வருடமாக என்னை இந்த விதிப்படிதான் வீட்டில் வைத்திருக்கிறாள்.

தேர்தல் முடிந்தது. உங்கள் அணிக்கு நூற்று எழுபத்தைந்து இடம், எங்கள் அணிக்கு நூற்று எழுபத்து நான்கு. வென்றது நீங்கள். பிறகு ஏன் எங்கள் தலைவரின் பெயரைச் சபாநாயகர் முதலில் முன்மொழிந்தார்? உங்களிடம் எண்ணிக்கை இருந்தது, மாப்பிள்ளை இல்லை! நாற்காலி ஒன்று, உட்காரத் துடித்த தலைவர்கள் இரண்டு பேர். அவர்கள் யார் முதலில் கதவைத் திறப்பது என்று நடைபாதையில் நின்று மரியாதை காட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? ஒரு கட்சி, “ஆதரிப்போம், ஆனால் பக்கத்தில் உட்கார மாட்டோம்” என்றது. இன்னொரு கட்சி, “பக்கத்தில் உட்காருவோம், ஆனால் ஆதரிப்பதாக வெளியே சொல்லக் கூடாது” என்றது. மூன்றாவது கட்சி, அந்த இருவரும் உள்ளே இருந்தால் தாங்கள் வெளியே நின்றே காப்பி குடிப்போம் என்றது. இந்த அழகில் ஒரு கூட்டணி. அதற்கு ஒரு கூட்டறிக்கை. அந்த அறிக்கையில் நான்கு கட்சிகளும் ஒத்துக்கொண்ட ஒரே வரி, அச்சடித்த தேதி!

இப்போது கதைக்கு வருகிறேன். நாடாளுமன்றத்தில் நமக்குக் கட்சிப்படி இடம் ஒதுக்குவதில்லை, மாவட்டப்படி ஒதுக்குகிறார்கள். அதனால் சிவப்புக் குன்வோரும் நீல ருட்கரும் பன்னிரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் பேசும்போது அவர் கொட்டாவி விடுவார். அவர் பேசும்போது நான் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பேன். இடையில் உப்பு மிட்டாய்ப் பை ஒன்று மேசையில் இருக்கும். காசு அவருடையது, வாய் இருவருடையது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எதிரணியில் ஒருவர் வர முடியாமல் போனால், இந்த அணியில் ஒருவர் ஓட்டுப் போடாமல் இருந்துவிடுவார். ஜோடி சேர்வது என்பார்கள். சட்டம் அல்ல. யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. வாய்ச்சொல் ஒன்றுதான். ஒருவர் மருத்துவமனையில் படுத்திருக்கிறார் என்பதற்காக நாட்டின் தலையெழுத்து மாறக் கூடாது அல்லவா? நோயாளியைக் கட்டிலோடு சபைக்குத் தூக்கிவர வேண்டாம், பிள்ளை பெற்றவள் மூன்றாம் நாளே ஓடிவர வேண்டாம், தகப்பனைப் புதைக்கப் போனவன் பாதியில் திரும்ப வேண்டாம் என்பதற்காக வந்த வழக்கம் அது.

எங்கள் ஜோடிக்குக் காரணம் என்னவென்று நினைக்கிறீர்கள்? நோயா? பிரசவமா? சாவா? எல்க் மான் வேட்டை!

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் இந்த அரங்கில் இருக்கும் ஆண்களில் எத்தனை பேர் அந்த வாரம் வேலைக்குப் போனீர்கள்? பெண்களில்தான் எத்தனை பேர்? அஞ்சலகமே பூட்டிக் கிடந்தது! செப்டம்பர் கடைசியில் குன்வோர் என்னிடம் கேட்டார். “ருட்கர், நடுவுல நிறுத்தின வேட்டைய மறுபடி எப்போ தொறக்கறாங்க?”

“அக்டோபர் ரெண்டாம் வாரம்.”

“அந்த வாரம் ஓட்டு வந்தா?”

“எங்க வரப் போகுது? உங்காளுங்க இன்னும் கதவையே தொறக்கல.”

“வந்தா நான் அழுத்தல. நீ போயிட்டு வா. ஆனா கறியில எனக்கு ஒரு பங்கு வந்தாகணும், சொல்லிட்டேன்.”

இதுதான் ஒப்பந்தம். நம் கூட்டணி ஒப்பந்தங்கள் எழுபது பக்கம் வருகின்றன. எழுபது நாள்கூடத் தாங்குவதில்லை. இந்த ஒப்பந்தம் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

தலைவர் மணியைத் தொடுகிறார். ஹல்வார், பொறுங்கள். இனிமேல் வரும் பகுதி உங்களைப் பற்றியது.

அக்டோபர் வந்தது. நான் நம் ஊர்க் காட்டில், என் மரப் பரண் மேல், துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறேன். இந்த மாவட்டத்து வேட்டைக் குழுக்களில் கட்சி பார்ப்பதில்லை. எங்கள் குழுவில் நீலம் நான் ஒருவன்தான். மற்ற எல்லாரும் சிவப்பு. காலையில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வயர்லெஸ்ஸில் ஒரு குரல். பேக்கரிக்காரர் விடார். காரில் செய்தி கேட்டிருக்கிறார்.

“ஏய் ருட்கர்! பிரதமர் ஓட்ட முன்னாடி தள்ளிட்டாங்களாம். இன்னிக்கு மதியமே! நீ என்னடா இங்க உக்காந்திருக்க?”

நான் ஸ்டாக்ஹோம் போய்ச் சேர முடியாது. ஆனால் ஒரு வார்த்தை போய்ச் சேரலாமே! இது பிரதமர் ஓட்டு. நான் இல்லாததால் எங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை, எங்களுக்கு ‘வேண்டும்’ என்று அழுத்தத் தேவையே இல்லை. அவர் அழுத்தாவிட்டால் உங்களுக்கு ஆட்சியே போகும். இந்தச் சமன் இல்லாத ஜோடியைக் குன்வோர் மேல் சுமத்த எனக்கு மனம் வரவில்லை. பாறை உச்சிக்கு ஏறினால் தொலைபேசி எடுக்கும். வேட்டைத் தலைவரைக் கூப்பிட்டேன்.

“நான் பாறைக்குப் போகணும். குன்வோருக்கு ஒரு போன். ‘நீ அழுத்து, நாம பேசினதெல்லாம் விடு’ன்னு சொல்லணும்.”

“நாயை அவுத்தாச்சு. ஒருத்தன் நகரக் கூடாது.”

“யோவ், லாபம் உங்க கட்சிக்குத்தான்யா! உனக்கு ஒரு ஆட்சியே தரேன்னு சொல்றேன்.”

“ஆட்சி எங்கயும் ஓடிடாது. பெரிய கொம்பன் உன் பக்கமாத்தான் வரான். பேசாம உக்காரு.”

அந்த வேட்டைத் தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? யாரும் கேட்கவில்லையே! ஹல்வார், உங்கள் மணி ஏன் கீழே விழுந்தது?

கொம்பன் வந்தது. என் முன்னால் நின்றது. என் மனம் ஸ்டாக்ஹோமில், என் விரல் காட்டில். குறி தப்பிவிட்டது. ஹல்வாரின் குறி தப்பவில்லை. அந்தக் கொம்புகள் இன்று அவர் வீட்டுக் கூடத்தில் தொங்குகின்றன. கறி எங்கே என்கிறீர்களா? உங்கள் கட்சிக்கே நன்கொடையாகக் கொடுத்துவிட்டார். சற்று முன்பு வாசலில் உருளைக்கிழங்கோடும் சிவப்புப் பழக் கூழோடும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்களே, அதுதான்! தோழர்களே, நீங்கள் இழந்த ஆட்சியை நீங்களே ருசித்துச் சாப்பிட்டுவிட்டீர்கள். உப்பு சற்றுக் குறைவு, மற்றபடி நன்றாக இருந்தது.

நான் மரத்தின் மேல் உட்கார்ந்திருந்த அதே நேரத்தில் சபையில் என்ன நடந்தது? உங்கள் கட்சித் தலைவர்களில் ஒருவர் குன்வோரின் மேசைக்கு ஓடி வந்தார். எங்கள் இருவருக்கும் பின் நாற்காலிக்காரர் எனக்குச் சொன்னார்.

“குன்வோர், இது பிரதமர் ஓட்டு. இதுக்கு ஜோடியெல்லாம் கெடையாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க.”

“நான் ஆபீசுக்குச் சொல்லல. ருட்கருக்குச் சொன்னேன்.”

“அவன் காட்டுல கூத்தடிச்சிட்டு இருக்கான்!”

“எங்க இருந்தா என்ன? சொன்னது சொன்னதுதான்.”

பலகையில் சிவப்பு விளக்குகள் எரிந்தன. நூற்று எழுபத்து நான்கு. ஒன்று எரியவில்லை. எங்கள் தலைவர் பிரதமரானார். மாலையில் நான் பாறையில் ஏறி நின்று குன்வோருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. அடுத்த வாரம் சபைக்குப் போனேன். மிட்டாய்ப் பை மேசையின் மறுகோடிக்குப் போயிருந்தது. காடு முழுக்கக் கேட்ட வயர்லெஸ் பேச்சு அவர் காதுக்கு மட்டும் போகவில்லை. அவர் கேட்க மாட்டார், நான் சொல்ல வாய் திறந்தாலே எழுந்து போய்விடுவார். நான் வேண்டுமென்றே ஒளிந்திருந்தேன் என்று இந்த நிமிடம் வரை நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது வலித்தது. அரசியலில் எனக்கு இதுவரை எதுவும் அப்படி வலித்ததில்லை.

விடார், ஏன் குனிந்துகொண்டாய்? அன்றைக்கு வயர்லெஸ் வைத்திருந்தவர்கள் பாதிப் பேர் இந்த அரங்கில்தானே இருக்கிறீர்கள்? கேட்டீர்கள். தெரிந்து வைத்திருக்கிறீர்கள். குன்வோரைத் துரோகி என்று ஊர் பேசியபோது ஒருவராவது வாய் திறந்தீர்களா? கறியைத் தின்றீர்கள், இரண்டு மாதமாகக் கதையையும் சேர்த்து விழுங்கி வைத்திருக்கிறீர்கள்!

ஆனால் நான் ஹல்வாரைக் குற்றம் சொல்ல வரவில்லை. தலைவரே, எடுத்த மணியை மறுபடி கீழே வையுங்கள், உங்களைப் பாராட்டப் போகிறேன். நாயை அவிழ்த்த பிறகு ஒருவன் பரணை விட்டு நகர்ந்தால் என்ன ஆகும்? யாருடைய துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்? ஆள் நகர மாட்டான் என்ற நம்பிக்கையில்தான் அடுத்தவன் சுடுகிறான். அந்த நம்பிக்கை போனால் காட்டில் பிணம் விழும். ஆட்சியே கிடைக்கும் என்று ஆசை காட்டினேன். ஹல்வார் விதியை விடவில்லை. கட்சிக்கு நட்டம் என்று தெரிந்தும் விடவில்லை. சபாஷ்! அதைத்தானே ஐயா குன்வோரும் செய்தார்? ஆள் சொன்ன சொல்லில் நிற்பான் என்ற நம்பிக்கையில்தானே மருத்துவமனையில் நோயாளி படுத்திருக்கிறான்? காட்டில் நின்றவருக்குக் கொம்பு, சபையில் நின்றவருக்கு வம்பா? பரணில் அசையாதவர் தலைவர், நாற்காலியில் அசையாதவர் துரோகியா? இது எந்த ஊர் நியாயம்? இது எந்தக் கட்சிக் கொள்கை?

இல்லை, நீக்கித்தான் தீருவோம் என்றால் நீக்குங்கள்! தயவுசெய்து நீக்குங்கள்! எங்கள் குடிலில் நாளைக் காலையே நாற்காலி போட்டு வைக்கிறேன். சொன்ன சொல் காக்கும் வேட்பாளர் எங்கள் பட்டியலில் ஒருவரும் இல்லை. நான் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். போன வருடமே ஒருமுறை கேட்டுப் பார்த்தேன், “எங்க பக்கம் வந்துடேன் குன்வோர்” என்று. “உங்க காப்பியக் குடிச்சிட்டு உயிரோட இருக்க முடியாது” என்றார். இத்தனை கொள்கைப் பிடிப்பு உள்ளவரை வேறு எங்கே தேடுவீர்கள்?

ஐந்து நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது என்று தெரியும். இன்னும் ஒன்றே ஒன்று. சிரிக்கும் விஷயம் அல்ல.

குன்வோரின் இடுப்பு எலும்பு தேய்ந்துவிட்டது. நீங்கள் அவரை மேடையில்தான் பார்க்கிறீர்கள். நான் அவர் நாற்காலியிலிருந்து எழுவதைப் பார்க்கிறேன். அறுவைச் சிகிச்சைக்கு ஒரு வருடத்துக்கு மேல் வரிசையில் காத்திருந்தார். நாள் கிடைத்துவிட்டது. அடுத்த புதன்கிழமை. அதே புதன்கிழமைதான் பட்ஜெட் ஓட்டு. போன வாரம் சபை நடைபாதையில் அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்கக் கூடாதுதான், கேட்டுவிட்டேன். “ஆமா, வேண்டாம்னு எழுதிக்கோங்க. தெரியும், மறுபடி வரிசையில கடைசிதான். பரவால்ல. இப்ப நான் வரலேன்னா என் ஊர்ல யாரும் என்ன நம்ப மாட்டாங்க.”

என் ஊர்ல என்றாரே, அது நீங்கள்தான் தாய்மார்களே. அது நீங்கள்தான் பெரியோர்களே. நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக அந்தப் பெண் இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டப் போகிறார்.

குன்வோர், விளக்கைப் பார்த்தது போதும், இங்கே பார். இன்று காலை அந்த மருத்துவமனைக்கு நானே போன் செய்தேன். உன் இடத்தை இன்னும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லையாம். நாளை காலைக்குள் நீ சொன்னால் போதுமாம். நீ போய்ப் படு. புதன்கிழமை என் பொத்தானை நான் அழுத்த மாட்டேன்.

நண்பர்களே, கணக்கு உங்களுக்கே தெரியும். குன்வோர் வராவிட்டால் இரண்டு பக்கமும் சமம். சமமானால் சபாநாயகர் சீட்டுக் குலுக்கிப் போடுவார். எங்கள் பட்ஜெட்டும் ஜெயிக்கலாம். நானும் அழுத்தாவிட்டால் நிச்சயம் நீங்கள்தான் ஜெயிப்பீர்கள். என் பிரதமர் வீட்டுக்குப் போவார். இதை நேற்றே என் கட்சிக்குச் சொல்லிவிட்டேன். எங்கள் ஆட்கள் பேசியதை இந்த மேடையில் திருப்பிச் சொல்ல முடியாது, குழந்தைகள் இருக்கிறார்கள். அவ்வளவு ஏன், என் மனைவிகூட ‘வேண்டாம்’ பொத்தானை அழுத்தலாமா என்று யோசிக்கிறாள். யோசிக்கட்டும். கொள்கையில் நான் நீலம்தான். சாகும்வரை நீலம்தான். உங்கள் வரித் திட்டம் இந்த நாட்டைக் குட்டிச்சுவராக்கும் என்று இப்போதும் சொல்கிறேன். கத்துங்கள், கத்துங்கள், நன்றாகக் கத்துங்கள்! ஆனால் அந்தச் சண்டையை நான் நடக்க முடிந்த குன்வோரோடு போட விரும்புகிறேன்.

ஓட்டு முடிந்த மறுநாள் வியாழக்கிழமை மாலை, நூலகத்தின் மேல்மாடியில் எங்கள் கட்சிக் கூட்டம். தீர்மானம் ஒன்றுதான்: ருட்கரை என்ன செய்வது? அங்கே எனக்காகப் பேச எங்கள் ஆட்களில் ஒருவரும் கிடைக்கவில்லை. அதனால்தான் வெட்கத்தை விட்டு உங்களிடம் கேட்கிறேன். என் எதிரிகளே, உங்களில் ஒருவர் வந்து எனக்காக நாலு வார்த்தை பேசுவீர்களா?

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்கிறது. இல்லை குன்வோர், நீ வேண்டாம். கையை இறக்கு. வியாழக்கிழமை நீ எழுந்து உட்காரவே கூடாது; டாக்டர் திட்டுவார். வேறு யாராவது?

இத்தனை கைகளையும் எண்ணி முடிக்கும்வரை இங்கேயே நிற்க ஆசைதான். ஆனால் எண்ணுவது தலைவரின் வேலை. பகைவனுக்கும் பேச இடம் கொடுத்த இந்த அவைக்கும், என்னைக் கல்லால் அடிக்காமல் கேட்ட உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. புதன்கிழமை நீங்கள் ஜெயிக்கப் போகிறீர்கள், அதற்கு என் முன்கூட்டிய வாழ்த்து. வசந்தத்தில் உங்களைத் தோற்கடிக்க வருகிறேன், அதற்கும் சேர்த்து வணக்கம்!